வளைந்த குழலில் பழகியவன்

"நீங்கள் முதன்முதலாகக் கையில் எடுத்த துப்பாக்கி எது, அதைப் பற்றி என்ன நினைவிருக்கிறது?" என்பது கேள்வி.

பொட்டு வெடித் துப்பாக்கியைக் கணக்கில் சேர்த்தால் ஐந்து வயது. தகரத்தில் செய்தது, சிவப்புக் காகிதச் சுருளைச் செருக வேண்டும். சத்தத்தைவிட அந்தப் புகையின் நெடிதான் நினைவில் நிற்கிறது. சுருள் தீர்ந்த பிறகு கல்லை வைத்துப் பொட்டைத் தட்டினால் இதைவிட நன்றாக வெடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டேன், துப்பாக்கி மூலைக்குப் போய்விட்டது.

நிஜமாக முதல் துப்பாக்கி என்றால் மாமாவின் ஏர் ரைஃபிள்தான். எனக்கு அப்போது 11 வயது. குழலை நடுவில் மடக்கினால் உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் இறுகும், குண்டை வைத்து நிமிர்த்திச் சுட வேண்டும், அந்த வகை. மடக்க எனக்கு இரண்டு கையும் ஒரு முழங்காலும் தேவைப்பட்டன. குண்டு என்பது 4.5 மில்லிமீட்டர் ஈயத் துணுக்கு, இடுப்புச் சிறுத்த குட்டிக் குடுவை மாதிரி இருக்கும். எடை அரை கிராம்தான்.

மாமா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் சொன்னதையே சொல்வார். காலியாக இருந்தாலும் ஆள் பக்கம் குழல் திரும்பக் கூடாது. சுடும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்க வேண்டும். கெட்டியான சுவரைப் பார்த்துச் சுடக் கூடாது, குண்டு திரும்பி வரும். குண்டு போடாமல் சும்மா அழுத்தவும் கூடாது. குண்டு இருந்தால்தான் அதன் பின்னால் அடைபட்ட காற்று மெத்தை போல நின்று, ஸ்பிரிங் தள்ளிவிடும் பிஸ்டனின் வேகத்தைத் தாங்கும், இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் இடித்து ஸ்பிரிங் கெட்டுப்போகும் என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: மடக்கிய குழலை நிமிர்த்தும் வரை ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி விதியைத்தான் மீறினேன்.

மாமா உள்ளே போயிருந்தார். குழலை மடக்கினேன், குண்டை வைக்கப் போனபோது அது விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது துப்பாக்கி மடியில் சாய, அதைப் பிடித்த கை ட்ரிக்கரை அழுத்திவிட்டது. பழைய துப்பாக்கி, குழல் திறந்திருக்கும்போது ட்ரிக்கரைத் தடுக்கும் பூட்டெல்லாம் அதில் கிடையாது. இறுகியிருந்த ஸ்பிரிங் ஒரே அடியில் குழலை மேலே விசிறியது. 'டங்' என்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குண்டு மட்டும் விழாமல் இருந்திருந்தால் என் கட்டைவிரல் அந்த இடுக்கில் இருந்திருக்கும்.

மாமா வந்து "என்ன சத்தம்?" என்றார். "கீழே போட்டுட்டேன் மாமா" என்றேன். பாதி உண்மை: கீழே போட்டது குண்டை.

அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கி மேலே சுட ஆரம்பித்தது. அந்த அடியில் குழல் லேசாக மேல் நோக்கி வளைந்துவிட்டது. பக்கவாட்டில் வைத்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். 10 மீட்டரில் மூன்று விரல்கடை உயரம் போகும். பின்குறியை, அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் குறி பார்க்க இருக்கும் பிளவுத் தகட்டை, இறக்கிச் சரிசெய்யலாம் என்றால் அதன் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மாமாவிடம் சொல்லவும் பயம். எனவே நானே மூன்று விரல்கடை கீழே பிடித்துச் சுடப் பழகினேன். ஐந்து வருஷம். டப்பா மூடிகளை வரிசையாக விழத்தட்டுவேன். "பய நல்லா சுடுறான்" என்று மாமா எல்லோரிடமும் சொல்லுவார். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

17 வயதில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் அதே போட்டி. இலக்கு அட்டையின் வட்டங்கள் மொத்தமே 45.5 மில்லிமீட்டர் அகலம், நடுவில் பத்துப் புள்ளிக்கு உரிய இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு. துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். டப்பா மூடி சுட்ட கைக்கு இது வேறு உலகம்.

பயிற்சியாளர் என் முதல் அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது அட்டையில் கூப்பிட்டார். துளைகள் எல்லாம் நெருக்கமாக இருந்தன, ஆனால் எல்லாமே கீழே. குறியைத் திருகினார், அப்போதும் சில குண்டுகள் இறங்கின. மூச்சு, தோள், ட்ரிக்கர் விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சுடுற நேரத்துல குழலை இறக்குறே, தெரியுதா?" என்றார். எனக்குத் தெரியவே இல்லை. கண் நடுவில்தான் வைத்திருந்தது, கைதான் கடைசி நொடியில் பழைய கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. "எதுல பழகினே?" என்று கேட்டார். "பழைய துப்பாக்கி சார்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அதைக் கைவிட இரண்டு மாதம் ஆனது. அவர் என்னைக் குறியே பார்க்க விடாமல் வெற்று வெள்ளை அட்டையில் சுடவைத்தார். குறி இல்லாவிட்டால் எங்கே இறக்குவது? ஒருவழியாகக் கை சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது. போட்டிகளில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, அது வேறு கதை.

மாமாவின் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. போன வருஷம் அவருடைய பேரன், அவனுக்கும் 11 வயது, அதை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாற்காலியில் மாமா. இப்போது அந்தப் பையனுக்கு நான் மாமா.

"எல்லாம் மேலேயே போகுது மாமா" என்றான்.

"குழலை விடாமப் பிடிச்சுக்கிட்டுக் குண்டைப் போடு" என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூணு விரல்கடை கீழே பிடி."

அடுத்த குண்டில் மூடி விழுந்தது. எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை, நல்ல வேளை. "பய நல்லா சுடுறான்" என்றார் மாமா.