கையில் 15 லட்சம் இருக்கிறது. வங்கிக் கடனோடு 45 லட்ச ரூபாய் வீடு வாங்கி, மாதம் 12,000 வாடகைக்கு விடலாமா? தரகர் நாளைக்குள் முன்பணம் கேட்கிறார்.

வாங்கலாம். ஆனால் நாளை முன்பணம் கொடுக்காதீர்கள். 2018இல் நானும் என் கணவரும் இப்படித்தான் அவசரப்பட்டோம்.

திருச்சி புறநகரில் ஒரு பழைய மாடி வீடு, விலை 42 லட்சம். வங்கி 80 சதவீதம் தரும் என்றார்கள், 33.6 லட்சம். மீதி 8.4 லட்சம், அப்போதைய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 11 சதவீதம், எல்லாம் எங்களிடம் இருந்த 13 லட்சத்தில் அடங்கிவிடும் போலிருந்தது. வேறு ஒருவர் மதுரையிலிருந்து பணத்தோடு வருகிறார் என்றார் தரகர். அன்று மாலையே 4 லட்சம் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டோம். கெடுவுக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் திரும்ப வராது என்ற வரியை நான் படித்தேன். "எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பதுதான் அம்மா" என்றார். எல்லாத் தரகர்களையும் குறை சொல்லவில்லை. நான் சந்தித்தவரைச் சொல்கிறேன்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர், கட்டடத்தின் வயதைக் கணக்கில் எடுத்து 34 லட்சம் என்று எழுதிவிட்டார். நாம் பேசிய விலை எதுவானாலும் அவர் எழுதும் மதிப்பை வைத்துத்தான் கடன் கிடைக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. கடன் 27.2 லட்சமாக இறங்கியது. 6.4 லட்சம் துண்டு விழுந்தது. நகையை அடகு வைக்கக் கிளம்பிய வாரத்தில் வங்கி வழக்கறிஞரின் கருத்துரையும் வந்தது: விற்பவரின் தந்தை உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், வாரிசுச் சான்றில் இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், இளைய மகள் கையெழுத்துப் போடவில்லை. கடன் கிடையாது.

அந்தப் பெண்ணை எல்லாரும் திட்டினார்கள். அண்ணனின் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்றார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. தகப்பன் சுயமாகச் சம்பாதித்து உயில் இல்லாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. 'நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று' என்று சொல்லி என் பிறந்த வீட்டில் என்னிடமும் விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கினார்கள். பத்திரத்தைப் படிக்கக்கூடக் கொடுக்கவில்லை. குடும்பத்தைப் பிரிக்கப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கேட்டது அவளுடைய பங்கை. என் 4 லட்சம் சிக்கியிருந்தபோதும் அவள் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

பதினோரு மாதம் அலைந்து இரண்டரை லட்சம் மீட்டோம். குறை விற்பவரின் உரிமையில் இருந்ததால் முழுப் பணத்தையும் கேட்டிருக்கலாம் என்று பிறகு ஒரு வழக்கறிஞர் சொன்னார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். வங்கி 45 லட்சத்தையும் ஏற்றுக்கொண்டு 80 சதவீதம் தந்தால், உங்கள் பங்கு 9 லட்சம். இப்போதைய 9 சதவீதப் பதிவுச் செலவு 4 லட்சத்துக்குச் சற்று மேல். அதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். மதிப்பீட்டாளர் 38 லட்சம் என்று எழுதிவிட்டால் உங்கள் பங்கு மொத்தம் 18.65 லட்சமாகிவிடும். அப்போது கிடைக்கும் ஏறக்குறைய 30 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 27,000. வாடகை 12,000 வரும் என்கிறீர்கள். மீதி 15,000 மாதந்தோறும் சம்பளத்திலிருந்து போக வேண்டும், வீடு காலியாக இருக்கும் மாதங்களில் முழுவதும். மாறும் வட்டி வேறு இருக்கிறது: 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. பலருக்குத் தவணைக்காலம் பல ஆண்டுகள் நீண்டுபோனது.

நாளை தரகரிடம் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். அவற்றை ஒரு வழக்கறிஞரிடமும் வங்கியிடமும் காட்டுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு ஒப்பந்தம் போடுங்கள். கடன் மறுக்கப்பட்டாலோ, மதிப்பு குறைந்தாலோ, உரிமையில் குறை தெரிந்தாலோ முன்பணம் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த வீடு மதுரைக்காரருக்கே போகட்டும்.