இசைத்தட்டு கேள்வி–பதில்: ப்ளூஸை ஜோடி ஜோடியாகச் சேருங்கள்

கித்தார்காரர் எரிக் கிளாப்டன் என்றால் உயிர். இப்போதுதான் ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். மாதம் ஒரு எல்.பி. (பல பாட்டுகள் கொண்ட பெரிய இசைத்தட்டு) வாங்க முடியும். ப்ளூஸ், ப்ளூஸ்-ராக்கில் எதிலிருந்து தொடங்கலாம்?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

மாதம் ஒன்று என்பது நல்ல கணக்கு. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு, அதிலிருந்து பிறந்த ராக் இசைதான் ப்ளூஸ்-ராக். ஒரே தட்டை முப்பது நாள் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் இந்த இசை உள்ளே இறங்கும். நான் சொல்லும் வழி ஒன்றுதான்: இந்த மாதம் ஒரு ராக் தட்டு வாங்கினால், அடுத்த மாதம் அது எந்தப் பழைய தட்டைக் கேட்டுப் பிறந்ததோ அதை வாங்குங்கள்.

உங்கள் ஆளிடமிருந்தே ஆரம்பிப்போம். 1966-இல் ஆங்கிலேயப் ப்ளூஸ் பாடகர் ஜான் மேயாலோடு கிளாப்டன் வாசித்த 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்'. அட்டையில் அவர் 'பீனோ' என்ற சிறுவர் காமிக்ஸைக் கையில் வைத்திருப்பார், அதனால் பீனோ ஆல்பம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. லெஸ் பால் கித்தாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்டுடியோ என்றும் பார்க்காமல் சத்தத்தை ஏற்றி வாசித்திருக்கிறார், அந்தக் கனத்த ஒலியைத்தான் பின்னால் வந்த எத்தனையோ கித்தார்காரர்கள் தேடி அலைந்தார்கள். அதில் 'ராம்ப்ளிங் ஆன் மை மைண்ட்' பாட்டை அவரே பாடுகிறார். அது ராபர்ட் ஜான்சன் பாட்டு. ஆகவே அடுத்த மாதம் ஜான்சனின் 'கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்'.

ஜான்சன் 1936-இல் சான் அன்டோனியோவிலும் 1937-இல் டாலஸிலும் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டுதான். 1938-இல் 27 வயதில் இறந்துபோனார். 1961-இல் கொலம்பியா கம்பெனி 16 பாட்டை எடுத்து இந்த எல்.பி.யாக வெளியிட்ட பிறகுதான் கடல் தாண்டி இங்கிலாந்துப் பையன்கள் பலர் அவரைக் கேட்டார்கள். ஒரு குரல், ஒரு கித்தார், அவ்வளவுதான், ஆனால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். முதல் தடவை கேட்டபோது கரகரப்புதான் என் காதில் விழுந்தது, பத்தாவது தடவைக்கு அப்புறம் கரகரப்பு போன இடம் தெரியவில்லை. பொறுமையாகக் கேளுங்கள்.

அப்புறம் கிளாப்டன் வாசித்த க்ரீம் குழுவின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்', 1968. மேடையில் வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்' அதில்தான் இருக்கிறது, அதுவும் ஜான்சனுடையதே. அதே ஆல்பத்தில் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' என்ற பாட்டும் உண்டு. அதற்கு ஜோடி ஆல்பர்ட் கிங், அதே பெயரில் 1967-இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனி வெளியிட்ட ஆல்பம். இடதுகைக்காரர், தந்திகள் தலைகீழாக இருக்கும், எல்லோரும் மேலே தள்ளுகிற தந்தியை அவர் கீழே இழுப்பார். அந்த இழுப்பு பின்னால் வந்த கித்தார்காரர் ஸ்டீவி ரே வானை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று தெரிய 1983-இல் வந்த அவருடைய 'டெக்சஸ் ஃப்ளட்' வாங்குங்கள்.

ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' கட்டாயம் வேண்டும். 1971 மார்ச்சில் நியூயார்க்கில் கச்சேரியாகப் பதிவானது. இரண்டு தட்டு, மொத்தமே ஏழு பாட்டு, 'விப்பிங் போஸ்ட்' மட்டுமே ஒரு பக்கம் முழுக்க ஓடும். குழுவின் கித்தார்காரர் ட்வேன் ஆல்மன் விரலில் மருந்துப் புட்டியை மாட்டி, அதைத் தந்தி மேல் வழுக்கவிட்டு ஸ்லைடு வாசிக்கிறார். அந்த அக்டோபரிலேயே, 24 வயதில், விபத்தில் போய்விட்டார். முதல் பாட்டு 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்', பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928-இல் பதிவு செய்தது. அதையும் தேடிக் கேட்டுவிடுங்கள்.

கையில் காசு குறைவு, ஜோடி முழுவதும் ஒரே தட்டில் வேண்டும் என்றால் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் 'ஹார்ட் அகெய்ன்', 1977. தயாரித்தவர் ராக் கித்தார்காரர் ஜானி வின்டர். 'மேனிஷ் பாய்' பாட்டில் பின்னாலிருந்து உற்சாகம் தாங்காமல் கத்துகிறவர் அவர்தான்.

எல்லா ப்ளூஸ் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே? என் மகன் போட்டால் எனக்கு ஒரே பாட்டு ஓடுவது போலத்தான் இருக்கிறது.
– வெள்ளிக் கொலுசு வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது ஐயா. பன்னிரண்டு பார் (தாளச் சுற்று), மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), முதல் வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் வரியில் முடிப்பது, பெரும்பாலான பாட்டுக்கு இதுதான் கட்டு. நம் ஊரில் ஒப்பாரி பாடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். மெட்டு எல்லோருக்கும் ஒன்று, ஆனால் அவளவள் வாழ்க்கை அவளவள் வாயிலிருந்து வரும்போது எவரும் ஒரே பாட்டு என்று சொல்வதில்லை. ப்ளூஸ் பாடகர், கித்தார்காரர் பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்' தட்டை மகனிடம் போடச் சொல்லுங்கள், 1964 நவம்பரில் சிகாகோவில் பதிவானது. அவர் ஒரு வரி பாடுவார், கித்தார் பதில் சொல்லும், கூட்டம் ஆரவாரம் செய்யும், அடுத்த வரிக்கு அவர் குரல் இன்னும் ஏறும். தந்தியை அவர் வளைத்து ஆட்டுவதில் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு நிறைய இருக்கிறது. வியாபாரம் முடிந்த பிறகு, ராத்திரி கேளுங்கள்.

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் வீட்டில் தாத்தாவின் தட்டுகள் ஒரு பெட்டி இருக்கிறது. எல்லாவற்றிலும் பூசணம். காப்பாற்ற முடியுமா?
– வாசகி, ஏற்காடு

தட்டை நிச்சயம் காப்பாற்றலாம், அட்டைக்குத்தான் உறுதி சொல்ல முடியாது. சேலத்தில் வெயில் அடிக்கும்போதுகூட உங்கள் மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆடும் நாற்காலி படம் போட்ட, ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபின் ஆல்பத்தை, 1962-இல் வந்தது, அங்கே ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவர் ஓரமாக வைத்து அட்டையைப் பாழாக்கினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

முதலில் பழைய உள்ளுறைகளைத் தூக்கிப் போடுங்கள், பூசணம் அதில்தான் ஒளிந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியால் தட்டின் கோடு போகும் வாக்கில் வட்டமாகத் துடையுங்கள், நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை. நிழலில் உலர்த்தி, புது உறையில் போட்டு நிற்க வைத்து அடுக்குங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வளைந்துவிடும். சுவரை ஒட்டாத அலமாரி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்.

ஒரு முக்கியமான விஷயம். பெட்டியில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு இருந்தால் ஸ்பிரிட் பக்கமே கொண்டு போகாதீர்கள். அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். எல்.பி. முள்ளை அதில் வைக்கவும் வேண்டாம், அதற்குத் தடித்த முள் வேறு.

ப்ளூஸ் என்றாலே ஆண்கள் பெயர்தான் சொல்கிறீர்கள். பெண்கள் பாடவில்லையா?
– ஆசிரியை, அம்மாப்பேட்டை

முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கேட்டதற்கு நன்றி. ஜான்சன் மைக் முன்னால் உட்காருவதற்குப் பதிமூன்று வருஷம் முன்பே, 1923-இல், பெஸ்ஸி ஸ்மித்தின் தட்டு அமெரிக்கா முழுக்க விற்றுத் தீர்ந்தது. லெட் ஸெப்ளின் ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தில் கடைசிப் பாட்டான 'வென் த லெவீ பிரேக்ஸ்', மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோவும் 1929-இல் பதிவு செய்தது. எல்விஸ் பாடி உலகம் அறிந்த 'ஹவுண்ட் டாக்' பாட்டை அவருக்கு முன்பே பிக் மாமா தார்ன்டன் பாடி ஹிட் ஆக்கியிருந்தார். ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்லின் 'சீப் திரில்ஸ்' ஆல்பத்தில் தொண்டை கிழியப் பாடும் 'பால் அண்ட் செயின்' தார்ன்டனே எழுதியது. அஸ்தம்பட்டித் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: 'சீப் திரில்ஸ்' வாங்குகிற மாதத்துக்கு அடுத்த மாதம் பிக் மாமா தார்ன்டன்.