எந்தப் பாகம் போச்சு? பழைய வீட்டுச் சாதனங்கள் பற்றிக் கேள்வி பதில்

இருபத்தைந்து வருடமாக டெஸ்டரும் மல்டிமீட்டருமாகத் திரிகிறவன் நான். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "இத்தனை வருஷமாச்சு, மாத்திடலாமா?" என்றே முடிகின்றன. எல்லோரும் வயதைச் சொல்கிறீர்கள். எந்தப் பாகம் போனது என்று யாரும் சொல்லவில்லை. அது தெரியாமல் மாற்றச் சொல்வது, நாடி பார்க்காமலே நாள் குறிக்கிற மாதிரி. வந்த வரிசையை விட்டுவிட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டியவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் டபுள் டோர் பிரிட்ஜுக்கு 12 வயது. மேலே ஃப்ரீசர் நன்றாக உறைகிறது, கீழே குளிரே இல்லை. வந்து பார்த்தவர் "கம்ப்ரசர் வீக், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கம்ப்ரசர் வீக் என்றால் ஃப்ரீசரும் சரியாக உறையாது, தம்பி. மேலே உறைகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். இந்த வகை பிரிட்ஜில் குளிர்விக்கும் காயில் (குழாய்ச் சுருள்) பெரும்பாலும் ஒன்றுதான், ஃப்ரீசருக்குப் பின்பக்கத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் குளிரை ஒரு சின்ன ஃபேன் கீழே தள்ளுகிறது. மேலே குளிர், கீழே இல்லை என்றால் காற்று வரும் வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காயில் முழுக்க ஐஸ் கட்டி அடைத்திருக்கும்.

அந்த ஐஸை அவ்வப்போது உருக்க ஒரு டிஃப்ராஸ்ட் ஹீட்டர், ஒரு தெர்மோஸ்டாட் அல்லது சென்சார், ஒரு ஃபியூஸ், அதை இயக்க டைமர் அல்லது போர்டு இருக்கும். இதில் ஒன்று போனாலும் இதே கதைதான். சோதனை சுலபம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். தண்ணீர் ஓடும், துணி போட்டு வையுங்கள். கத்தியை வைத்து ஐஸைக் குத்தாதீர்கள். காயில் ஓட்டை விழுந்தால் அப்புறம் நிஜமாகவே புதுசு வாங்க வேண்டியதுதான். மறுபடி ஓட்டும்போது கீழே சில நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு மெல்ல மெல்ல நின்றால் டிஃப்ராஸ்ட் பழுது. முதல் நாளே குளிரவில்லை என்றால் ஃபேனையும் காற்றைத் திறந்து மூடும் டேம்பரையும் பாருங்கள். என்ன ஆனது என்று வந்து சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பிரிட்ஜ் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "டக்" என்று சத்தம் போடுகிறது, ஒரு நொடி முனகுகிறது, மறுபடி "டக்". குளிர் இல்லை.

கம்ப்ரசர் கிளம்பப் பார்த்துக் கிளம்ப முடியாமல் நிற்கிறது. உடனே கம்ப்ரசரைப் பழிக்காதீர்கள். அதன் பக்கவாட்டில் அதைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலேவும், கரண்ட் மிஞ்சினால் அறுத்துவிடும் ஓவர்லோடும் உட்கார்ந்திருக்கும். ரிலேயைக் கழற்றி ஆட்டினால் உள்ளே உடைந்த துண்டு கலகலக்கிறதா? அப்படியானால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். கிடைக்கிற கரண்ட்டின் வோல்டேஜையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் குறைந்தாலும் இதே சத்தம்தான். இரண்டும் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால்தான் கம்ப்ரசர் போனதாகக் கொள்ளலாம்.

கேள்வி: ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் நிரப்புகிறோம் சார். பத்து வருஷம் ஆனால் கேஸ் தானாகக் குறையுமாமே?

குறையாது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைத் தேடாமல் வருடா வருடம் நிரப்புகிறவர் உங்கள் ஏசியைப் பார்க்க வருகிறாரா, உங்கள் பர்ஸைப் பார்க்க வருகிறாரா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. என் தொழில்காரர்களையே குறை சொல்கிறேன், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு பெரும்பாலும் மாட்டிவிடும். குழாய்களைச் சேர்க்கும் ஃப்ளேர் நட் இணைப்பில் இருந்தால் சின்ன வேலை. அதைச் சரிசெய்த பின் வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். எடை மிஷினில் வைத்து, லேபிளில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு ஏற்றுவது முறை. காயிலே அரித்து ஓட்டையாகியிருந்தால் ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

லேபிளில் ஆர்22 என்ற பழைய வகை கேஸின் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதைக் கைவிட வளர்ந்த நாடுகளுக்கு 2020, வளரும் நாடுகளுக்கு 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள். ஆர்22 மிஷினில் ஆர்32 என்ற வேறு கேஸை ஊற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதன் அழுத்தம் அதிகம், தேவைப்படும் ஆயிலும் வேறு, தீப்பற்றும் குணமும் கொஞ்சம் உண்டு. பத்து வயது, ஆர்22, காயிலில் ஓட்டை என்று மூன்றும் சேர்ந்தால் நான் மாற்றத்தான் சொல்வேன்.

கேஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ. அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். அதில் வேலை செய்கிறவர் கேஸை வெளியேற்றாமல், ஜன்னலைத் திறக்காமல் டார்ச்சைப் பற்ற வைத்தால் தயங்காமல் நிறுத்துங்கள்.

கேள்வி: ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின், 9 வயது. ஸ்பின் போடும்போது விமானம் கிளம்புகிற சத்தம். பேரிங் என்கிறார்கள். மாற்றுவது தகுமா?

பேரிங்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மிஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். வெளித் தொட்டியோடு சேர்ந்து ஆடினால் சரி. டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று கேட்டாலும் அதேதான். இரண்டும் இல்லாமல் மிஷின் மட்டும் குதிக்கிறது என்றால் அடியில் இருக்கும் ஷாக் அப்சார்பரையோ, மட்டம் சரியில்லாத கால்களையோ பாருங்கள்.

பேரிங்கும் ஆயில் சீலும் சின்னப் பொருள்கள்தான். கூலிதான் பெரிது, ஏனென்றால் மிஷினையே முழுக்கப் பிரித்தாக வேண்டும். முடிவு ஒரே கேள்வியில் இருக்கிறது: உங்கள் மாடலில் வெளித் தொட்டி ஸ்க்ரூ போட்டதா, உருக்கி ஒட்டியதா? ஸ்க்ரூ என்றால் பிரிக்கலாம், 9 வயதானாலும் செய்யுங்கள். ஒட்டியது என்றால் தொட்டியை முழு செட்டாகத்தான் மாற்றியாக வேண்டும், அந்த விலை பல நேரம் புது மிஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

இன்னொன்று, நான் சூடுபட்டுக் கற்றது. டிரம்முக்குப் பின்னால் மூன்று கை உள்ள அலுமினியத் தாங்கி ஒன்று இருக்கும், ஸ்பைடர் என்போம். சோப்புக் கசடும் ஈரமும் சேர்ந்து அதை அரித்துவிடும். ஒரு வீட்டில் பேரிங்கை மட்டும் மாற்றி, ஸ்பைடரைத் துடைத்துப் பார்க்காமல் மூடிவிட்டேன். மூன்றே மாதத்தில் ஒரு கை முறிந்து டிரம் தொட்டியைக் கிழித்துவிட்டது. செலவு என் தலையில். பிரிக்கும்போது ஸ்பைடரைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: தண்ணீர் வெளியேறாமல் எரர் காட்டுகிறது. மோட்டார் போச்சா?

முன்பக்கம் கீழே சின்ன மூடி இருக்கிறதா? அதைத் திறந்து பம்ப் ஃபில்டரைக் கழற்றுங்கள். சில்லறைக் காசு, சட்டைப் பொத்தான், ஹேர்பின் எல்லாம் கிடைக்கும். முதலில் ஒரு தட்டு வையுங்கள், தண்ணீர் கொட்டும்.

கேள்வி: சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. இருபது வருஷ ஃபேன். புதிதாக வரும், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனுக்கு மாறிவிடவா?

மெதுவாகச் சுற்றுவதற்கும் மாறுவதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட். மெயினை அணைத்துவிட்டு அதே அளவில் மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். கையால் சுற்றினால் இறுகலாக இருக்கிறது என்றால் பேரிங்.

மாறுவது தனிக் கணக்கு. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி 30 வாட் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 45 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 197 யூனிட். எப்போதும் ஓடும் அறைக்கு மாற்றலாம். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையில் பழையதே சுற்றட்டும். ஒரு குறை உண்டு: பிஎல்டிசியில் போர்டு இருக்கிறது. அது போனால் தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். உங்கள் இருபது வருஷ ஃபேனில் போவதற்கு இருப்பதே இரண்டு மூன்று பொருள்தான்.

கேள்வி: மிக்ஸி ஓடிக்கொண்டே நின்றுவிட்டது.

அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும், ஓவர்லோட். பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அமுக்குங்கள். ஓடினாலும் உள்ளே நீலப் பொறி நிறையப் பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், மாற்றுவது எளிது. வயரிங் எரிந்த வாடை வந்தால் மோட்டார் காயில் போயிருக்கும். அப்போது ரீவைண்டிங் கூலியைக் கேட்டுவிட்டு யோசியுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் தீப்பொறி வருகிறது. வீடியோ பார்த்து நானே பிரித்துச் சரிசெய்யலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம். மற்ற எதையும் பிரித்துப் பாருங்கள் என்று ஊக்கப்படுத்துகிற நான், இதற்கு மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும். உயிரை வாங்கிவிடும். ஆனால் வெளிமூடியைத் திறக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உட்பக்கச் சுவரில் அட்டை போல இருக்கும் மைக்கா ஷீட்டில் எண்ணெய் படிந்து கருகினாலும் பொறி வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை அளவாக வெட்டி மாற்றலாம். அப்புறமும் பொறி வந்தால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கேள்வி: கீசர் போட்டதும் ட்ரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் ட்ரிப்பரை பைபாஸ் பண்ணிக் கொடுத்தார். இப்போது நன்றாக வேலை செய்கிறது.

இதைப் படித்ததும் மெயினை அணையுங்கள், சகோதரி. மீதியை அப்புறம் படிக்கலாம். கரண்ட் தண்ணீர் வழியாகவோ உடம்பு வழியாகவோ கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் அறுத்துவிடத்தான் அந்த ட்ரிப்பர். அது தன் வேலையைச் செய்தது. அதைத் தூக்கிவிட்டுக் குளிப்பது விளையாட்டில்லை. ட்ரிப்பரைத் திரும்பப் போட்டு, எர்த்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஹீட்டிங் எலிமென்ட்டின் மேல்தோல் வெடித்துத் தண்ணீர் புகுந்திருக்கும், மாற்றினால் போதும். கழற்றும்போது ஆனோட் கம்பியையும் பாருங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தானே கரைந்து போகிற மெக்னீசியக் கம்பி அது. கரைந்து நடுவில் உள்ள மெல்லிய கம்பி மட்டும் மிஞ்சினால் அடுத்தது தொட்டிதான். தொட்டியே ஒழுக ஆரம்பித்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள். அது மாற்ற வேண்டிய கீசர்.

கேள்வி: டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை.

இருட்டில் திரைக்கு மிக அருகில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பின்னால் உள்ள பேக்லைட் எல்இடி பட்டை போயிருக்கிறது, சரிசெய்யலாம். திரையின் பேனலே விரிசல் விட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

கேள்வி: ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்கிறார்களே, நீங்கள் ஏற்கிறீர்களா?

பாதி ஏற்கிறேன். அந்தக் கணக்கில் செலவு மட்டும்தான் இருக்கிறது, எது பழுது என்பது இல்லை. தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள் உண்டு: பிரஷ், பெல்ட், பேரிங், கேஸ்கெட் (கதவு ரப்பர்), ரிலே, கெப்பாசிட்டர். இவை போனால் வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். உடம்பே அரித்துப் போவது வேறு: தொட்டி, காயில், பாடி துரு. அங்கே செலவு கால்வாசியாக இருந்தாலும் நான் தயங்குவேன்.

போர்டு இரண்டுக்கும் நடுவில். பவர் பகுதியில் உப்பிய கெப்பாசிட்டரோ கருகிய ரிலேயோ என்றால் போர்டு வேலை தெரிந்தவர் அதை மட்டும் மாற்றித் தருவார். முழு போர்டு வேண்டும் என்றால் அது இன்னும் கிடைக்கிறதா என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் பிரிட்ஜின் முக்கியப் பாகங்கள் 7 வருடம், கதவு கேஸ்கெட்டும் வாஷிங் மெஷின் பாகங்களும் 10 வருடம் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. புதிது வாங்கும்போதே "பாகம் எத்தனை வருஷம் தருவீர்கள்?" என்று கேளுங்கள். வாரன்டியை விட எனக்கு அந்தப் பதில் முக்கியம்.

கேள்வி: 18 வருஷ பிரிட்ஜ், எந்தப் பழுதும் இல்லை. ஆனால் பிளக் மீட்டரில் ஒரு நாளைக்கு 2.4 யூனிட் காட்டுகிறது.

அளந்துவிட்டுக் கேட்டீர்களே, வாழ்க. வருடத்துக்கு 876 யூனிட் ஆகிறது. அதே அளவில் புதியதன் லேபிள் 300 என்று சொன்னால் 576 யூனிட் மிச்சம். இங்கே பழுதே இல்லாவிட்டாலும் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், வழுக்கி வந்தால் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. பின்னால் காயிலில் படிந்த தூசியையும் துடையுங்கள். இரண்டையும் செய்து மறுபடி 24 மணி நேரம் அளந்து, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். மாற்றினால் பழையதை இன்னொரு அறையில் ஓட விடாதீர்கள், போட்ட கணக்கே வீண்.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்டவன்தான். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தேன். ஆறு நாள் கீழே நன்றாகக் குளிர்ந்தது. நேற்றிலிருந்து மறுபடி குளிர் இல்லை.

அப்போது டிஃப்ராஸ்ட்தான். வருகிறவரிடம் ஹீட்டரை ஓம்ஸில் அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் போச்சு. அதோடு சேர்ந்த ஃபியூஸையும் பார்க்கட்டும். தெர்மோஸ்டாட்டை மட்டும் காயில் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். சூடாக இருந்தால் நல்லதுகூடத் திறந்தே காட்டும், அவசரக்காரர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.