காற்று மாசும் வெயில் கணக்கும்: கேள்வி பதில்

கே (ஓசூர்): டெல்லி அருகே எங்கள் சோலார் ஆலையில் நவம்பர், டிசம்பரில் மட்டும் செயற்கைக்கோள் தரவிலிருந்து போட்ட மதிப்பீட்டைவிட வெயில் குறைவாகப் பதிவாகிறது. செயற்கைக்கோள் தரவு பொய்யா?

ப: பொய் இல்லை. செயற்கைக்கோள் படத்திலிருந்து மேகத்தைப் பிடிப்பது எளிது. வெளிறிய நிலத்தின் மேல் நிற்கும் புகைமூட்டத்தைப் பிரித்தறிவது கடினம். அதனால் பல மதிப்பீடுகளில் காற்றில் மிதக்கும் துகள்களின் அளவு தனிப் பட்டியலிலிருந்து வரும். அந்தப் பட்டியல் மாதச் சராசரியாக இருந்தால், வைக்கோல் எரிப்புப் புகை சூழ்ந்த நான்கு நாள்கள் அதில் கரைந்துபோகும்.

கணக்கைப் பாருங்கள். துகள்களின் ஒளி ஆழம், அதாவது அவை கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு, டிசம்பரின் ஒரு நாளுக்கு 0.5 என்று மதிப்பீட்டில் வைத்திருக்கிறார்கள். அன்று உண்மையில் 1. டிசம்பர் நண்பகலில் டெல்லியில் சூரியன் ஏறுவதே 38 பாகைதான், சூரியன் தலைக்கு நேர் மேலே இருப்பதைவிடக் கதிர் 1.6 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நேரடிக் கதிர் மதிப்பிட்டதில் 45 சதவீதம்தான் வந்து சேரும். சிதறிய ஒளியில் ஒரு பகுதி பரவலாகத் தரைக்கு வந்துவிடுவதால் சாதாரண பேனலுக்கு இழப்பு இவ்வளவு இருக்காது. கண்ணாடிகளால் கதிரைக் குவிக்கும் ஆலைக்குத்தான் பேரிடி.

கே (திருச்சி): காற்றுத் தரக் குறியீடு 400 என்றால் எத்தனை சதவீதம் கழிக்கலாம்?

ப: கழிக்காதீர்கள். குறியீடு நம் மூக்கருகே உள்ள காற்றுக்கு. கதிர் கடப்பது வளிமண்டலம் முழுவதையும். குளிர்காலக் காலையில் மாசு சில நூறு மீட்டருக்குள் அமுங்கிக் கிடக்கும். கோடையில் ராஜஸ்தான் புழுதி உயரத்தில் மிதக்கும். இரண்டும் ஒன்றாகாது.

கே (மதுரை): பேனலைக் கழுவினால் சரியாகிவிடுமா?

ப: அது பேனலில் படிந்த தூசி. நான் சொல்வது வானத்தில் இருப்பது.

கே (ஓய்வுபெற்ற வானிலை ஊழியர்): எங்கள் காலத்தில் கண்ணாடி உருண்டைக்குப் பின்னால் அட்டை வைத்து, வெயில் குவிந்து எரித்த தடத்தின் நீளத்தை வெயில் நேரமாக அளந்து, அதைக் கதிர்வீச்சாக மாற்றும் ஆங்ஸ்ட்ராம் சூத்திரத்தில் போட்டோம். அதில் என்ன குறை?

ப: ஐயா, அந்த உருண்டையின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் நேரடிக் கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால்தான் 'வெயில்' என்று கணக்கு. புகைமூட்டக் காலையில் சூரியன் செந்தட்டாகக் கண்ணுக்குத் தெரியும், அட்டை எரியாது. தாண்டிய பிறகோ 300 வாட் வந்த மணியும் 800 வாட் வந்த மணியும் கணக்கில் ஒன்றுபோல ஒரு மணி நேரம்தான்.

அவரே: தடத்தின் அகலம் மாறுமே!

ப: மாறும். சூத்திரத்துக்குள் போவது நீளம் மட்டும்தானே? அதன் மாறிலிகளும் காற்று தெளிவாக இருந்த காலத்தில் பொருத்தியவை என்றால் இன்றைக்கு மிகையாகவே காட்டும்.

அவரே: அப்படியானால் குறை சூத்திரத்தில், உருண்டையில் இல்லை.

ப: பாதி ஒப்புக்கொள்கிறேன். செந்தட்டுக் காலையைப் பதியாமல் விடுவது உருண்டையின் குறைதான்.

கே (சேலம்): குறியீடு 300 என்றால்?

ப: திருச்சிக்காரருக்குச் சொன்னதே.

கே (சென்னை): போகிப் புகை?

ப: ஒரு காலைப்பொழுது. ஆண்டுக் கணக்கில் தெரியாது.

கே (ஓசூர்): எங்கள் ஆலைக்கு என்னதான் வழி?

ப: தரையில் பைரனோமீட்டர் (சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவி) வைத்து ஓராண்டாவது அளந்து, செயற்கைக்கோள் தொடரைத் திருத்துங்கள். அதன் கண்ணாடிக் குமிழைத் துடைக்க ஆள் போடுங்கள். அழுக்குக் குமிழ் காட்டும் குறைவை வான்மாசு என்று எழுதிவிடாதீர்கள்.

கே (தேனி): மொட்டை மாடியில் 3 கிலோவாட். நானும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

ப: வேண்டாம். மாதச் சராசரி போதும். நீங்கள் பேனலைக் கழுவுங்கள்.