வாசகர் கேள்வி பதில்: பச்சோந்திக்கு எத்தனை வாட் பல்பு?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், ஊரை விட்டுப் போகும் நண்பனிடமிருந்து ஒரு பச்சோந்தியை வாங்கி வந்திருக்கிறான். ஏமன் நாட்டு வகை, தலையில் உயரமான கொண்டை இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். மார்கழிக் குளிர் தாங்காது என்று கடையில் ஒரு சிவப்பு பல்பும், கரண்டில் சூடாகும் கல்லும் கொடுத்தார்கள், இரண்டும் ராத்திரி முழுக்க ஓடுகின்றன. பகலில் அறையின் டியூப்லைட் மட்டும்தான். பாதி நேரம் கண்ணை மூடியே இருக்கிறது. இன்னும் பெரிய பல்பாகப் போடலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம் அம்மா. இன்றைக்கு ராத்திரியே அந்த சிவப்பு பல்பையும் கல்லையும் அணைத்துவிடுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு எழுதி வைத்ததைப் பார்த்து இங்கேயும் சூடு சூடு என்று விற்கிறார்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழியிலும் ராத்திரி வெளியே 15, 16 டிகிரிதான், வீட்டுக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். உங்களிடம் இருக்கும் வகை ஏமன், சவுதி மலைப்பக்கத்தைச் சேர்ந்தது. ராத்திரி குளிர்ந்தால்தான் அது நன்றாகத் தூங்கும். சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்குத் தெரியும், தூக்கம் கெடும். கல் இன்னும் மோசம். கொம்பில் உட்கார்ந்து மேலிருந்து விழும் வெயிலில் காய்கிற பிராணிக்கு அடியிலிருந்து வரும் சூடு சரியாக உறைக்காது, வயிறு வெந்து புண்ணான பிறகுதான் நமக்கே தெரியவரும்.

பகலுக்குத்தான் பல்பு வேண்டும். எத்தனை வாட் என்று கேட்காதீர்கள், அது உட்காரும் கொம்பில் எத்தனை டிகிரி என்று பாருங்கள். வளர்ந்த ஆண் என்றால் 30 டிகிரி சுற்றி இருக்கட்டும், குட்டிக்கும் பெண்ணுக்கும் 27, 28 போதும். கூண்டின் மற்ற பக்கம் அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும், வேண்டியபோது நகர்ந்துபோக இடம் வேண்டும் இல்லையா? எல்இடி பல்பில் போதிய சூடு வராது. சிறிய ஹாலஜனோ பழைய குண்டு பல்போ பீங்கான் ஹோல்டரில் மாட்டி, கூண்டுக்கு வெளியே மேலிருந்து விழும்படி வையுங்கள், காலையில் சில மணி நேரம் எரிந்தால் போதும். ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், அதன் முனையை அந்தக் கொண்டையின் உச்சி வருகிற உயரத்தில் கட்டிப் பாருங்கள், ஏனென்றால் முதலில் சுடுவது அங்கேதான். அப்புறம் பச்சோந்தியே சொல்லும். உடம்பைத் தட்டையாக்கி நிறத்தைக் கருமையாக்கிக்கொண்டு பல்பு பக்கம் திரும்பினால் குளிர்கிறது என்று அர்த்தம். வெளிறிப்போய் வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு அதிகம், பல்பை உடனே தள்ளி வையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த டியூப்லைட்தான். வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் பட்டால்தான் பச்சோந்தியின் தோலில் வைட்டமின் டி3 உருவாகும், அது இல்லாமல் சாப்பிடுகிற கால்சியம் எலும்பில் சேராது. மாதங்கள் போகப் போகக் கால் வளையும், தாடை இளகும், நாக்கை வீசிப் பூச்சி பிடிக்க முடியாமல் போகும். வளைந்த எலும்பு பிறகு நிமிராது. வீட்டு விளக்கில் யுவிபி கிடையாது, ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் அது வடிகட்டப்பட்டுவிடும். அதனால் செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள்: 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருக்கும் நீளமான டி5 யுவிபி குழல், பச்சோந்தியின் முதுகிலிருந்து 20, 25 சென்டிமீட்டர் மேலே. சுருள் வடிவில் வரும் சிறிய பல்பு வேண்டாம், கதிர் பரவலாக விழாது. கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே இருந்தாலும் யுவிபி குறைந்துகொண்டே வரும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பகலில் 12 மணி நேரம், ராத்திரி முழு இருட்டு, ஒரு டைமர் போட்டுவிட்டால் மறக்காது. மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வைத்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவில் டி3 குறைந்தவை கூடுதலாக யுவிபியில் போய் நின்றன, நிறைய கிடைத்தவை விலகி இருந்தன. எனவே பாதிக் கூண்டில் செடி வைத்து நிழல் கொடுங்கள், எங்கே நிற்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டு உயரமான வலைக்கூண்டுக்கு மாற்றுங்கள். காலை வெயிலில் பால்கனியில் கொஞ்ச நேரம் வைப்பது எந்தக் குழலையும் விட நல்லது, ஆனால் வலைக்கூண்டோடு, பாதி நிழலோடு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், நம் ஊரில் காக்கைக்கும் பருந்துக்கும் குறைவில்லை. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள், நிமிடங்களில் வெந்துவிடும்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது நோயின் அடையாளம். விளக்கு மாற்றுவதற்காகக் காத்திருக்காமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே கொண்டுபோங்கள். இன்னொன்று, இந்த வகை, காட்டு உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தர்மபுரி பக்கம் எங்கள் சொந்த ஊரில் புளியமரத்தில் இருந்த பச்சோந்தியைப் பிடித்து வந்திருக்கிறேன். அதற்கும் இதே விளக்குதானா?
– வாசகர், கே.ஆர். புரம்

பதில்: விளக்கு வாங்காதீர்கள் தம்பி. நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கிடைத்த இடத்தைச் சொல்லி வனத்துறையிடம் ஒப்படையுங்கள். அதுவரை காற்றோட்டமான பெட்டியில், ஒரு கிளையோடு, நிழலில் வையுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் பச்சோந்திக்கு இன்வெர்ட்டர் வேண்டுமா?
– வாசகர், விவேக் நகர்

பதில்: சில மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. பெங்களூரு அறைச் சூடே போதும், ஒரு பகல் யுவிபி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அன்றைக்கு மட்டும் தீனியைக் குறைத்துக் கொடுங்கள், உடம்பு சூடேறாத பச்சோந்திக்குச் செரிமானம் மெதுவாகத்தான் நடக்கும்.