பட்டியல் கிடையாது

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் மாதம் ஒரு தமிழ்ப் படம் போட்டு, முடிந்ததும் “இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன?” என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஆழமான கருத்துள்ள பத்துப் படங்களையும் அவற்றின் பாடங்களையும் பட்டியல் போட்டுத் தர முடியுமா, ஆசிரியர் ஐயா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முடியாது, ஐயா. தந்தால் பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள்.

‘கேங்கில் சேரக்கூடாது, நன்றாகப் படிக்க வேண்டும், அப்பா அம்மா பேச்சைக் கேட்க வேண்டும்.’ இதுதானே வருகிறது? இதைச் சொல்ல இரண்டரை மணி நேரப் படம் எதற்கு? பள்ளிச் சபைகூடலிலேயே முடிந்துவிடுமே. என்ன சொன்னால் சீக்கிரம் வீட்டுக்கு விடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சொல்கிறார்கள்.

2016-இல் வந்த ‘கபாலி’ நம் மலேசிய மண்ணில் நடக்கும் கதை. தமிழ்நாட்டில் பார்த்தவர்களுக்கு முடிவில் திரை இருண்டு ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. நமக்கோ, கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். பாடம் வந்துவிட்டது, ஒரே வரியில்! இப்படிக் கடைசி நேரத்தில் ஒட்டிவிடக்கூடிய ஒன்றைத்தான் நீங்கள் மாதாமாதம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சிறையில் அவர் கையில் ஒரு புத்தகம் இருந்ததே, கவனித்தார்களா? ஒய்.பி. சத்யநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’. ஒரு தலித் குடும்பம் படிப்பால் தலைநிமிர்ந்த கதை. கோட்டுப் போடுவதற்குக்கூட கபாலி காந்தியையும் அம்பேத்கரையும் இழுத்துக் காரணம் சொல்கிறார். விசில் சத்தத்தில் இதெல்லாம் போய்விட்டது. அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரும் பத்து விதமாகப் பேசுவார்கள்.

‘ஜகாட்’டும் அப்படித்தான். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அப்போய் என்கிற சுட்டிப் பையன், படி படி என்று நெருக்கும் அப்பா. சொந்தத்தில் ஒருவர் கேங்கில், இன்னொருவர் போதையிலிருந்து மீண்டவர். ‘கேங் வேண்டாம்’ என்று முடித்துவிடலாம். ஆனால் ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடிசை போட்டவர்களின் கதை அது. உங்கள் ஊர் இதைப் பேசாவிட்டால் யார் பேசுவது? மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் ஐயா உங்களுடையது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்ததால்தானே, அவர்கள் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க, அவர் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்? அப்போய்க்கு யார் யார் கதவைச் சாத்தினார்கள், எந்தக் காட்சியில் என்று கேளுங்கள். சில பெற்றோருக்கு நெளிய வேண்டியிருக்கும். நெளியட்டும்.

அதற்காக இல்லாததை எல்லாம் கட்டிவிடக் கூடாது. கதாநாயகி சிவப்புச் சேலை கட்டினாலே புரட்சி என்று கிளம்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. காட்சியைச் சுட்டிக்காட்ட முடியாத கருத்து பேசுகிறவருடைய சொந்தச் சரக்கு. இயக்குநர் அப்படி நினைத்துத்தான் எடுத்தாரா என்பது எனக்குப் பெரிதில்லை. திரையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

பெரியவர்களையும் கூப்பிடுங்கள். உச்சி வெயிலில் ஒரு கதாநாயகி கித்தா (ரப்பர்) மரம் சீவிக்கொண்டு பாடினால், வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் இருட்டோடு நின்ற பாட்டிக்குச் சிரிப்பு வரும். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எடுத்தவர் தோட்டத்து உழைப்பைப் பார்த்தாரா, பச்சையை மட்டும் பார்த்தாரா என்று அந்தப் பாட்டி சொல்வதை எந்த விமர்சகரும் சொல்லிவிட முடியாது.

மண்டபச் சாவியை மட்டும் படம் முடிந்த கையோடு திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.