கண்ணாடி மின் அடுப்பு: எதைச் சூட்டோடு எடுப்பது, எதை ஆறவிடுவது?

கேள்வி: கேஸ் அடுப்பிலேயே சமைத்துப் பழகிய நாங்கள் சில மாதங்களுக்கு முன்பு கண்ணாடி மேற்பரப்புள்ள மின் அடுப்புக்கு மாறினோம். அதற்குள் வெள்ளை வளையங்களும் சாம்பல் நிறக் கோடுகளும் விழுந்துவிட்டன. போன வாரம் சர்க்கரைப் பாகு பொங்கி வழிந்தது. ஆறட்டும் என்று விட்டுவிட்டு மறுநாள் காலையில் சுரண்டியபோது, பாகோடு சேர்ந்து கண்ணாடியிலிருந்தும் கடுகளவு சில்லு பெயர்ந்து வந்தது. இந்த அடுப்பை இனியும் பயன்படுத்தலாமா? அன்றாடம் எப்படித் துடைக்க வேண்டும்? முழுச் சூட்டில் வைத்தால் சிவப்பு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிகிறதே, அது கோளாறா?

பதில்: முதலில் அந்தச் சில்லைப் பார்ப்போம், மற்றவை காத்திருக்கலாம். அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு டார்ச் விளக்கைக் கண்ணாடியை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, பள்ளம் விழுந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பி ஓடினால் அது விரிசல். அப்படியானால் அடுப்பின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, அதற்கு மின்சாரம் தரும் பிரேக்கரையும் அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரை அழையுங்கள். அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே மின்சாரம் பாயும் கம்பிச்சுருள் இருக்கிறது. பொங்கி வழியும் பாலோ ஈரத்துணியின் தண்ணீரோ விரிசல் வழியாகக் கீழே இறங்கினால் மின்னதிர்ச்சி உயிருக்கே ஆபத்தாகலாம். டேப் ஒட்டிச் சமாளிப்பது, பசை வைத்து அடைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டை அவை தாங்காது. விரிசல் விழுந்த கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கோடு ஏதும் இல்லை, பள்ளம் மட்டும்தான் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் இதில் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி சொல்வதில்லை. சில்லு பெயர்ந்தாலே கண்ணாடியை மாற்றச் சொல்பவையும் உண்டு, அது தோற்றக் குறை மட்டுமே என்பவையும் உண்டு. உங்கள் அடுப்போடு வந்த கையேட்டைப் பாருங்கள், அல்லது படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை சில்லு பெயர்ந்த அந்தச் சமையல் வளையத்தை (பாத்திரம் வைக்கும் வட்டத்தை) மட்டும் பயன்படுத்தாமல் இருங்கள்.

சர்க்கரை ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்த அடுப்பை எப்படி நடத்த வேண்டும் என்பதில் பாதி விளங்கிவிடும். மேலே இருப்பது ஜன்னல் கண்ணாடி அல்ல, கண்ணாடிப் பீங்கான் என்ற வேறொரு பொருள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற ஆய்வாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்க உலைக்குள் வைத்தார். உலை கட்டுப்பாடு இழந்து 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு வெண்மையான தகடு ஒன்று கிடைத்தது. கை தவறித் தரையில் விழுந்தும் அது உடையவில்லை. கண்ணாடிப் பீங்கானின் கதை அங்கே தொடங்குகிறது. 1971-இல் ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் அடுப்புக்கென்றே 'செரான்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இதன் பெரிய குணம், சூடானாலும் ஏறக்குறைய விரிவதே இல்லை என்பது. அதனால்தான் தணலாய்ச் சிவந்திருக்கும் வளையத்தின் மேல் தண்ணீர் சிந்தினாலும் கண்ணாடி வெடிப்பதில்லை. ஆனால் விரியாத பொருள் ஆறும்போது சுருங்குவதும் இல்லை. உருகி ஒட்டிய சர்க்கரையோ ஆற ஆறச் சுருங்கி இறுகுகிறது. பிடியை விடாமல் சுருங்குவதால் தனக்குக் கீழே இருக்கும் கண்ணாடியையும் இழுக்கிறது. கண்ணாடி ஈடுகொடுக்காமல் போகும்போது மேல் தோல் சில்லாகப் பெயர்கிறது. உங்கள் அடுப்பில் நடந்தது இதுதான். நீங்கள் சுரண்டியதால் மட்டும் வந்த வினை அல்ல. இரவோடு இரவாகவே அந்தச் சில்லு உள்ளுக்குள் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சர்க்கரை, பிளாஸ்டிக், அலுமினியத் தாள் ஆகிய மூன்றும் கண்ணாடியில் உருகினால் சூட்டோடு சூடாக எடுக்க வேண்டும். மற்ற எதுவாக இருந்தாலும் ஆறிய பிறகுதான் துடைக்க வேண்டும். பாகு, ஜாம், இனிப்பு கலந்த பால், பழச்சாறு எல்லாமே சர்க்கரைக் கணக்குதான்.

சூட்டோடு எடுப்பதில் கை சுட்டுக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, அதனால் நிதானமாகச் செய்யுங்கள். முதலில் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மணிக்கட்டுக்கு மேல்வரை மூடும் தடித்த அடுப்புக் கையுறை அணியுங்கள். நீண்ட கைப்பிடியுள்ள உலோகச் சுரண்டியால், பாகைச் சூடான வளையத்திலிருந்து ஓரமாக இருக்கும் சூடில்லாத பகுதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். அங்கே வந்ததைக் காகிதத் துணியால் வழித்தெடுங்கள். வெறும் பிளாஸ்டிக் சுரண்டியை இந்த நேரத்தில் கொண்டுபோகாதீர்கள், அதுவும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியை அழுத்தினாலும் குபீரென்று எழும் நீராவி கையைப் பொசுக்கிவிடும். படலமாக எஞ்சியிருப்பதை ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது முழுவதும் போகும்வரை அந்த வளையத்தை மறுபடி சூடாக்க வேண்டாம்.

கவனிக்காமல் விட்டுப் பாகு ஆறிவிட்டதா? நெம்பாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்தி வையுங்கள். துணி ஆறினால் மறுபடி நனையுங்கள். கருகாத சர்க்கரை தண்ணீரில் தானே கரையும். பொறுமையாக இருந்தால் சுரண்டியே தேவைப்படாமல் போகலாம்.

இனி அன்றாடத் துடைப்பு. அணைத்த பிறகும் கண்ணாடியில் மீந்திருக்கும் சூட்டைக் காட்டும் சிறு விளக்கு அணையும்வரை காத்திருங்கள். சுருளின் சிவப்பு மறைந்ததும் அடுப்பு ஆறிவிட்டது என்று நினைப்பதுதான் தீக்காயத்துக்குப் பொதுவான காரணம். சிவப்பு மறைந்த பிறகும் கண்ணாடி நூறு டிகிரிக்கு மேல் இருக்கும். மின்சாரம் நின்றுபோனால் அந்த விளக்கும் சேர்ந்தே அணைந்துவிடும், சூடு அணையாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஆறிய பிறகு, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவம் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடையுங்கள். பிறகு சோப்பே இல்லாத ஈரத்துணி, கடைசியில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. நடுவில் வரும் அந்தச் சோப்பில்லாத துடைப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எஞ்சிய சோப்புப் படலம் அடுத்த சமையலில் கருகிப் பழுப்புக் கறையாக மாறும். பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சையே இங்கும் பயன்படுத்தினால் அதிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கும் அதே வேலையைச் செய்யும். அடுப்புக்கென்று தனித் துணி வையுங்கள்.

கம்பி நார், பச்சை நிற உரசும் ஸ்கிரப்பர், குளோரின் பிளீச், ஓவன் சுத்தம் செய்யும் ஸ்பிரே, அம்மோனியா கலந்த ஜன்னல் கண்ணாடித் திரவம் இவை எதுவும் வேண்டாம். நீராவியால் சுத்தம் செய்யும் கருவியையும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் வெள்ளை வளையங்கள் பெரும்பாலும் உப்புத் தண்ணீரின் படிவுகள்தாம். பாத்திரத்தின் அடி ஈரமாக இருக்கும்போதே அடுப்பில் வைத்தால், தண்ணீர் ஆவியாகி அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து கண்ணாடியில் தங்கிவிடும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு வைத்துத் துடையுங்கள், போய்விடும். வானவில் போல மினுங்கும் திட்டுகளும் வினிகருக்குப் பெரும்பாலும் மசியும்.

சாம்பல் கோடுகள் வேறு வகை. அவற்றின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது கீறல், எந்தக் கிரீமாலும் போகாது. வழுக்கிக்கொண்டு போனால், அலுமினியம் அல்லது செம்பு அடிப்பாத்திரத்தை இழுத்தபோது உலோகம் ஒட்டிய தடம். கண்ணாடி அடுப்புக்கென்றே விற்கும் கிளீனிங் கிரீமைக் கொஞ்சம் தடவி வட்டமாகத் தேய்த்தால் மங்கும். கிரீம் இல்லாவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பயன்படுத்தலாம். சோடாத் தூள் கண்ணாடியைவிட மென்மையானது, கீறாது. சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பது இப்போது எங்கும் சொல்லப்படும் யோசனை. நுரை வருவது பார்க்க நன்றாக இருந்தாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடுகிறது. வினிகரைப் பிளீச்சோடு சேர்த்தாலோ நச்சுக் குளோரின் வாயு வெளியேறும், அது எந்த நிலையிலும் கூடாது.

கருகிப் பிடித்த பழுப்புக் கறைக்குத்தான் பிளேடு சுரண்டி. கிரீமைத் தடவி ஊறவிட்டு, பிளேடைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் படுக்கவைத்து, முன்னோக்கித் தள்ளுங்கள். புது பிளேடு கீறாது, மழுங்கிய பிளேடும் பிசிறு விழுந்த பிளேடும்தான் கீறும். நிமிர்த்திப் பிடித்தாலும் முனை கொத்தும்.

பாத்திரங்களைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது, அடுப்பைத் துடைக்கும் அக்கறையில் பாதியாவது பாத்திரத்தின் அடிக்கும் வேண்டும் என்பதே. அடுப்பில் ஏற்றுமுன் அடியை ஒருமுறை துடையுங்கள், ஈரமும் போகும், மணல் துகளும் போகும். மணல் இந்தக் கண்ணாடியைவிடக் கடினமானது, ஒரு துகள் அகப்பட்டாலே கோடு விழும். நகர்த்த வேண்டுமானால் இழுக்காமல் தூக்கி வையுங்கள். சொரசொரப்பான வார்ப்பிரும்பும், அடியில் மெருகு பூசாத மண்பாத்திரமும் இந்த அடுப்புக்கு ஏற்றவையல்ல. பாத்திரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கம்பி வளையம், தாங்கி, சூடு பரப்பும் தகடு எதையும் வைக்காதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடியிலேயே தேங்கும். வெறும் பாத்திரத்தை ஏற்றிவிட்டு மறந்துவிடுவது இன்னும் மோசம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், எனாமல் பூச்சு உருகினால் கண்ணாடியோடு ஒன்றாகிவிடும்.

அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியில் கனமான ஜாடிகளை அடுக்காதீர்கள். இந்தக் கண்ணாடி சூட்டை அசாத்தியமாகத் தாங்கும், ஆனால் ஒரே புள்ளியில் விழும் அடியைத் தாங்காது. தட்டையாகப் பளபளவென்று இருப்பதால் அதைச் சமையல் மேடைபோல நினைத்துப் பிளாஸ்டிக் டப்பா, துணி, காகிதம் வைப்பதும் பழக்கமாகிவிடுகிறது. தொடு பொத்தான் உள்ள மாடல்களில் யாரும் இல்லாதபோதும் அடுப்பு எரியத் தொடங்கலாம். தென் கொரியாவின் சியோல் தீயணைப்புத் துறை 2019 ஜனவரி முதல் 2021 நவம்பர் வரை பூனைகளால் நேர்ந்த தீ விபத்துகளைக் கணக்கெடுத்தபோது 107 தேறின. பெரும்பாலும் பாதம் பட்டு மின் அடுப்பு எரிந்ததால் வந்தவை அவை. குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ இருக்கும் வீட்டில், ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் பூட்டுப் பொத்தானை அழுத்திவிடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுவிட்சை அணைத்து, மூடியால் பாத்திரத்தை மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். அதில் கண்ணாடி தானாகச் சூடாவதில்லை, பாத்திரத்தின் சூடுதான் கண்ணாடிக்கு இறங்குகிறது, அவ்வளவே வேறுபாடு. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதைப் பயன்படுத்துமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அணைந்து அணைந்து எரியும் சிவப்பு. அது கோளாறு அல்ல. நடுத்தரச் சூட்டிலும் சிறு சூட்டிலும் சுருளை எரியவிட்டு நிறுத்தி, மறுபடி எரியவிட்டுத்தான் அடுப்பு வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. முழுச் சூட்டில் அணைந்தால், கண்ணாடி அளவுக்கு மேல் சூடாகாமல் காக்கும் வெப்ப வரம்பி வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் முழுச் சூட்டில் அடிக்கடி அணைகிறது, தண்ணீர் கொதிக்கவும் நேரமாகிறது என்றால் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள். அடியைக் கவிழ்த்து ஓர் அளவுகோலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அளவுகோலுக்குக் கீழே வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் அடி வளைந்துவிட்டது, சூடு பாத்திரத்துக்குப் போகாமல் கண்ணாடியிலேயே நிற்கிறது. தட்டையான அடியும் வளையத்தின் அகலமும் உள்ள பாத்திரத்தை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுவிட்சை அணைத்த பிறகும் சிவப்பு அடங்காவிட்டாலோ, மிகச் சிறு சூட்டில் வைத்தும் சுருள் இடைவிடாமல் எரிந்தாலோதான் கோளாறு. அப்போது பிரேக்கரை அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.